எல்லாருக்கும் ஒண்ணு

கோவம் இன்னும் அடங்கலைங்க. எம்.பி. தேர்தல்ல பாருங்க, நம்ம ஓட்டு ரெண்டு மூணு பேருக்குப் பிரிஞ்சு, பாதிப்பேருக்கு மேல வேண்டாம்னு சொன்ன ஆளே ஜெயிச்சுப்போட்டுப் போறான். ஓட்டுச்சீட்டுல புடிச்ச வரிசைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட உடோணும்னு நான் கத்தாத கூட்டமில்லை. மொதல்ல நம்ம சங்கத்துல செஞ்சு காட்டு அம்மணின்னாங்க. சரின்னு இறங்கி, சங்கத் தேர்தலுக்கு அந்த முறையையே கொண்டாந்தேன்.

சோமனூர்ல எங்க விசைத்தறிச் சங்கத்துக்கு என்னைக்கும் சென்னகிருஷ்ணன்தான் தலைவர். கூலி உயர்வு கேக்கப் போனா, நூல் குடுத்துக் கூலிக்கு நெய்யச் சொல்ற ஜவுளிக்காரங்க ஊட்டுல காப்பி குடிச்சுப்போட்டு வெறுங்கையோட வருவார். இந்தத் தடவையும் அவரே வந்தா எங்க தறியெல்லாம் பழைய இரும்புக்குத்தான். அதனால நானும் எபினேசர் அண்ணனும் எதுத்து நின்னோம். எங்க ரெண்டு பேர்ல கம்மியா வாங்கினவரோட சீட்டெல்லாம், அதுல ரெண்டுன்னு போட்ட ஆளுக்குப் போயிரும். ஓட்டு சிதறாது. ஊடு ஊடாப் போய், ஒரே நம்பரை ரெண்டு பேருக்குப் போட்டாச் செல்லாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேன். எல்லாரும் ஆகட்டுங்க அம்மணின்னு மோர் குடுத்து அனுப்பினாங்க.

எண்ணறப்ப சீட்டைப் பிரிச்சா, எனக்கு ஒண்ணு, எபினேசருக்கு ஒண்ணு, சென்னகிருஷ்ணனுக்கும் ஒண்ணு. அடுத்ததும் அதே. கட்டுக்கட்டாச் செல்லாத ஓட்டு. சென்னகிருஷ்ணன் மட்டும் தன் ஆளுங்ககிட்ட, என் பேருக்கு நேரா ஒண்ணு போட்டு மடிச்சிருங்க, வேறெதையும் தொடாதீங்கன்னு சொல்லியிருந்தாராம். ஜெயிச்ச மாலையோட வந்து என்னையே கும்பிட்டார் மனுசன்.

வெளிய நின்னவங்களைப் புடிச்சுக் கேட்டேன். தலைவர் மாமன் முறையாகுதுங்க, அவருக்குப் போயி மூணுன்னு போட்டா மரியாதையா இருக்குங்களாங்கறாங்க. அட கருமமே! யாரும் பாக்காத சீட்டுல என்னய்யா மரியாதை?

ஊட்டுக்கு வந்து கதவைப் படார்னு சாத்தினேன். சத்தம் கேட்டு என்ற ஊட்டுக்காரர் கதிர்வேல் தறியை நிறுத்திப்போட்டு வந்தார். அவருக்கும் சங்கத்துல ஓட்டு உண்டு. நீங்களாச்சும் ஒழுங்காப் போட்டீங்களான்னு கேட்டேன். தலையைச் சொறிஞ்சார்.

"உனக்கு ஒண்ணுதான் போட்டேன் அம்மணி."

"மத்தவங்களுக்கு?"

"அவியளும் நாளைக்கு நம்மூட்டு விசேசத்துக்கு வரோணுமில்ல."

"இரும்புக்கடைக்காரர் தறியை எடை போட வருவார். அவருக்கும் மரியாதையாக் காப்பி குடுத்து அனுப்புங்க"ன்னேன்.