இரண்டாவது வாக்கோவர்

1

இந்தக் கதை ஒரு எக்செல் தாளில் பிறந்தது. மற்றவர்களுக்கு மழையில், ரயிலில், காதலில் எல்லாம் கதை பிறக்கும். எனக்கு வாய்த்தது இதுதான்.

பினாங்குத் தீவில் ஞாயிறுதோறும் நடக்கிற ஓர் அமெச்சூர் கால்பந்து லீக். ஆடுகிறவர்கள் எல்லாம் வேலைக்குப் போகிற ஆட்கள், பார்க்க வருவது அவர்கள் மனைவிமாரும் பிள்ளைகளும் [மனைவிமார் வருவதில்லை, அடித்துவிடவும்]. மூன்று டிவிஷன், முப்பத்திரண்டு அணிகள். இந்த ஆண்டு ஆடக் கிடைக்கும் திடல்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்துபோயின. அதனால் மூன்றாம் டிவிஷனைக் கலைத்துவிட்டு, டிவிஷனுக்குப் பத்து அணியாக இரண்டே டிவிஷன் வைப்பதென்று செயற்குழு முடிவெடுத்தது. இருபது அணி இருக்கும். பன்னிரண்டு போகும்.

யார் போவது? லீக் செயலாளர் பட்டியல் போட்டார். கடந்த மூன்று ஆண்டுப் புள்ளிகளைக் கூட்டினார். கூடவே தன் யோசனையாக ஒரு நிபந்தனையும் வைத்தார்: மூன்று ஆண்டில் இரண்டு முறை ஆட்டத்துக்கு வராமல் போன அணி, எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் வெளியே. வராத அணி மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றதாக எழுதப்படும். அதற்குப் பெயர் வாக்கோவர். நியாயமான நிபந்தனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். செயலாளர் பொத்தானை அழுத்தினார். பதினெட்டாவது இடத்தில் பத்திரமாக இருந்த செம்பருத்தி எஃப்சி, திரையில் கடைசி வரிக்கு இறங்கியது.

அதைப் பார்த்த செயலாளரின் முகத்திலிருந்து கதையைத் தொடங்கலாம் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'விநாசித்தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று...'

வேண்டாம். 'ஏதோ ஒன்று' என்று எழுதுகிறவனுக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். சொல்லப் பயம்.

இரண்டாம் தொடக்கம்: 'ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளிலிருந்து ஞாயிறு பிற்பகல் மூன்றரைக்கு ஒரு பழைய தொழிற்சாலை பஸ் புறப்படும். ஓட்டுகிறவர் பிச்சைமுத்து.'

இது பரவாயில்லை. பிச்சைமுத்து செம்பருத்தியின் மேனேஜர். அறுபதை நெருங்குகிற வயது. வாரநாளில் தொழிலாளர்களை ஏற்றுகிற பஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு திடலுக்கு வருவார். ஆம்பளைகள் டீமுக்குப் பூவின் பெயரா என்று யாராவது கேலி செய்தால், "நேஷனல் பூவுலா டேய், எந்திரிச்சு சல்யூட் அடி," என்பார். இடப்பக்கம் ஓடுகிறவன் அவருடைய மகன் மோகனராஜ்.

ஓடுகிறவனாக இருந்தான். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது லாரி மோதி இறந்துபோனான். இருபத்தாறு வயது. மறுநாள் செம்பருத்திக்கு ஆட்டம் இருந்தது. ஆட்டக்காரர்கள் திடலுக்கு வரவில்லை. தங்கள் கூட்டாளியின் பெட்டியைத் தூக்கப் போயிருந்தார்கள்.

அதுதான் இரண்டாவது வாக்கோவர்.*

* முதலாவதில் தகராறு இல்லை. பாலிக் புலாவ் போகிற மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது. பிச்சைமுத்து மறுநாளே நேரில் வந்து, தப்பு எங்களுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் அப்படிப்பட்டவர் என்பதை நினைவில் வையுங்கள்.

3

விநாசித்தம்பி என்ற பாத்திரம்தான் இடிக்கிறது.

யாழ்ப்பாண வம்சாவளி. மூன்று தலைமுறையாகக் குமாஸ்தா உத்தியோகம். வேலை பட்டர்வொர்த்தில், தினமும் ஃபெரி. எட்டு ஆண்டாக லீக் செயலாளர். ஒரு தாள் தவறியதில்லை. மரணம் என்றால் ஆட்டத்தைத் தள்ளிவைக்க விதியில் இடமிருக்கிறது. அணி செயலாளருக்கு முன்கூட்டிச் சொன்னால் போதும், அவர் எதிரணிக்கும் நடுவருக்கும் ஒரு கடிதம் அனுப்புவார். அப்படியிருக்க, இவ்வளவு ஒழுங்கான மனிதர் ஏன் அனுப்பவில்லை?

அவருக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதினேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் லீக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பானா என்ன? வாசகர் நம்புவார் என்று கணக்கு.

நான் எழுதுவதைப் படிக்கிற ஒரே ஆள் என் மனைவி அனுஜா. மூன்று பக்கம் படித்தாள்.

"விநாசித்தம்பி உங்க தாத்தா பேருதானே?"

"ஏதோ ஒரு பேரு வேணும்ல."

"அன்னைக்கு ஃபெரியில பிச்சைமுத்து அண்ணன் போன் வந்துச்சு. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். கதையில அதக் காணோமே?"

"கதைன்னா நடந்தத அப்படியேவா எழுதுவாங்க?"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பார்க்கிறீங்க," என்றாள். தாள்களை மேசையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

[விநாசித்தம்பியை இங்கே நீக்குகிறேன். பாவம், தாத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செயலாளர் நான்தான். பெயர் தயாளன்.]

4

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. அனுஜாவின் அக்கா வீட்டுக்குப் போக ஃபெரியில் இருந்தோம். பிச்சைமுத்து பிணவறை வாசலிலிருந்து பேசினார்.

"தம்பி, ராஜு போயிட்டான். லாரி அடிச்சிருச்சு. நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்கிறோம். பையனுங்க யாரும் விளையாட வரமாட்டானுங்க. லீக்குக்குச் சொல்லணும்ல, அதான் கூப்பிட்டேன்."

பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கிறான். லீக்குக்குச் சொல்லணும் என்று அந்த மனிதருக்குத் தோன்றியிருக்கிறது.

"அண்ணே, நீங்க அதையெல்லாம் யோசிக்காதீங்க. நான் பார்த்துக்கிறேன்."

நம்மவர்கள் சாவு வீட்டில் சொல்கிற வார்த்தை இது. பந்தலோ, பூவோ, ஐயருக்குச் சொல்வதோ, ஒருவர் 'நான் பார்த்துக்கிறேன்' என்றால் அந்த வேலை முடிந்த மாதிரி. திரும்பக் கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகும். பிச்சைமுத்து திரும்பக் கேட்கவில்லை.

நான் மறந்துவிட்டேன்.

[இந்த வரியோடு பகுதியை முடித்திருந்தேன். மறதி யாருக்கும் வரும், வாசகர் இரக்கப்படுவார். ஆனால் விஷயம் இதோடு நிற்கவில்லை.]

ஞாயிற்றுக்கிழமை சாவுக்குப் போனேன். அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் பெட்டி நுழையவில்லை. ஏழாவது மாடியிலிருந்து படி வழியாக இறக்கினோம். முன்பக்கம் இடது தோள் நான். ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் எல்லாம் மோகனராஜின் அம்மா மேலிருந்து, "மெதுவாப்பா, மெதுவா, அவனுக்கு இடிக்கப் போகுது," என்று கத்திக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டேதான் இறங்கினேன். அந்த அழுகை பொய்யில்லை. இதையாவது நம்புங்கள்.

பத்து லஞ்சாங் சுடுகாட்டில் இருக்கும்போது, நாலே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. நடுவர். ஒரு அணிதான் வந்திருக்கிறது, இன்னொன்றைக் காணோம், என்ன செய்யட்டும் என்று மலாயில் கேட்டார்.

அப்போது ஞாபகம் வந்துவிட்டது. ஆக, மறதி நாலே முக்காலோடு முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கு மறதி என்று பெயர் வைக்க முடியாது. 'ஆட்டம் தள்ளிவைப்பு, கடிதம் அனுப்பாதது என் தவறு' என்று சொல்லியிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் எதிரணி மேனேஜர் ஹாரிஸ் சும்மா விடமாட்டார். செயற்குழுவில் கேள்வி வரும். எட்டு ஆண்டு எடுத்த பெயர் ஒரு நாளில் போகும். பத்தடி தள்ளிப் பிச்சைமுத்து ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"விதிப்படி செய்யுங்க," என்றேன்.

மூன்றாம் டிவிஷன்தானே, மூன்று புள்ளிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்று நினைத்தேன். பிச்சைமுத்து மறுவாரம் அட்டவணையைப் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5

நீக்கப்பட்ட அணிகள் மேல்முறையீடு செய்யலாம். செம்பருத்தி செய்தது. விசாரணை போன புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு, லீக் வாடகைக்கு எடுத்திருக்கும் கடைவீட்டு மாடி அறையில்.

பிச்சைமுத்து தேய்த்த முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்தரைக்கு முன்பே கீழே நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"தம்பி, டீம் இருந்தா ஞாயித்துக்கிழமை எனக்குப் போக ஒரு இடம் இருக்கும். இல்லன்னா வீட்டுலதான். அவங்கம்மா என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். முடியல தம்பி."

"போவோம் அண்ணே, மேல போய்ப் பேசுவோம்," என்றேன். [இதுவும் நான் சொன்னதுதான். அடிக்காமல் விடுகிறேன்.]

தலைவர் ஸுல்கிஃப்லி நல்ல மனிதர். முதலில் மகன் சாவுக்கு வருத்தம் சொன்னார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து மலாயில் கேட்டார்: ஆட்டத்துக்கு முன்பு லீக் பொறுப்பாளர் யாருக்காவது சொன்னீர்களா?

பிச்சைமுத்து உடனே பதில் சொல்லவில்லை. மேசையைப் பார்த்தார். பொருளாளர் நோர்மா, பெரியவர்களை மாமா என்று கூப்பிடுகிற மலாய் வழக்கப்படி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, பாக்சிக். ஒரு போன், ஒரு மெசேஜ் இருந்தாலும் போதும். நாங்க வாக்கோவரை எடுத்துடலாம்," என்றார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எழுத ஒன்றுமில்லை, தேதியையே மறுபடி மறுபடி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

"தாக் அடா, என்சிக்," என்றார் பிச்சைமுத்து. இல்லை ஐயா, யாருக்கும் சொல்லவில்லை.

'முன்னறிவிப்பு இல்லை என்பதை அணி ஒப்புக்கொண்டது' என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் போல அழகாகவே இருந்தது.

6

படியில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணே, ஏன் அப்படிச் சொன்னீங்க? போன் பண்ணீங்களே."

"பண்ணேன்தான்." பஸ் சாவியைச் சட்டைப் பையில் தேடினார். "ஏழு மாடி தோள் கொடுத்து எம்புள்ளைய இறக்கினீங்க தம்பி. அப்படி வந்த மனுஷன நாலு பேரு முன்னால எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?"

சாவி கிடைத்தது. இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அதான் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

7

முடிவுக்கு வருவோம். எழுதிப் பார்த்தவை:

(அ) நோர்மா கேட்டதும் செயலாளர் எழுந்து, "எனக்குப் போன் செய்தார்," என்கிறார். நல்ல முடிவு. ஆனால் புதன்கிழமை போய்விட்டது.

(ஆ) நோர்மாவுக்குச் சந்தேகம் வந்து விசாரிக்கிறார், உண்மை வெளியே வருகிறது. எழுதும்போது எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. அதனாலேயே கிழித்தேன்.

(இ) அனுஜா போய்ச் சொல்லிவிடுகிறாள். அவளிடம் காட்டினேன். "உங்க வாய் என்ன ஆச்சு?" என்றாள்.

(ஈ) செம்பருத்தியைத் திரும்பச் சேர்த்தால் இருபதாவதாக உள்ளே வந்த பாலிக் புலாவ் அணி வெளியே போக வேண்டும். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஆகவே செயலாளர் பொதுநலம் கருதி மௌனமாக... [இதை ஃபெரியில் உட்கார்ந்து இரண்டு நாளாக மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. குற்றமுள்ள நெஞ்சுக்கு நியாயத்துக்கா பஞ்சம்.]

(உ) ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு...

8

(உ)-வை முடிக்க முடியவில்லை, ஏனென்றால் இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு காலை பத்து மணிக்கு லீக்கின் பொதுக்கூட்டம். முப்பத்திரண்டு அணி மேனேஜர்களுக்கும் அழைப்பு உண்டு. பட்டியலை வாசிக்க வேண்டியது நான். வாசித்து முடித்துக் கை தூக்கச் சொன்னால், அது உறுதியாகிவிடும். பிறகு மாற்ற முடியாது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். ஆறு விநாடி பிடித்தது.

பிச்சைமுத்துவும் வருவார். நீக்கப்பட்ட அணிக்காரர் யாரும் இப்படிக் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர் வருவார்.

முடிவை நான் எழுதப் போவதில்லை. அனுஜாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை எழுந்து அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால், இந்தக் கதைக்கு வேலை இல்லை, வீட்டுக்கு வந்து கிழித்துப் போட்டுவிடுவேன். சொல்லாமல் திரும்பி வந்தால், திங்கட்கிழமை இதைப் பத்திரிகைக்கு அனுப்புவேன்.

அவள் தபால் உறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.