ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

சிவகாசிப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. பச்சையாக எது துளிர்த்தாலும் அதை வெட்ட மனசு வராது. குடத்துத் தண்ணீருக்கு ஊரே அடித்துக்கொள்கிற இடத்தில், தானாகத் துளிர்க்கிற ஒன்றில் யார்தான் கத்தி வைப்பார்கள்? நர்ஸ் ஜெயசீலியும் வைக்கவில்லை. அங்கேதான் ஏமாந்தாள்.

அந்த ரோஜாச் செடி அவள் புருஷன் சவரியப்பன் வைத்தது. காலண்டர் அச்சடிக்கிற கம்பெனியில் மிஷின் ஓட்டியவன். கல்யாணமான வருஷம் கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்தான். காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரோஜாவை ஒட்டுக் கட்டிய செடி. கருஞ்சிவப்புப் பூ, ஒன்று மலர்ந்தால் அடுப்படி வரைக்கும் மணக்கும். மறு வருஷமே மஞ்சள் காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது. அவளுக்கென்று மிஞ்சியது அந்தச் செடியும், பக்கத்து வீட்டில் இருந்த அவன் அக்கா ஞானதீபமும்தான்.

மதினி என்றால் ஜெயசீலிக்கு உயிர். டூட்டி முடிந்து வந்தால் சோறு மூடி வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஜெயசீலி ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொள்வாள், பைத்தியக்காரி.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில் செடி வாடியபோது, மதினிதான் அரிவாளோடு வந்தாள்.

"மேக்கிளை பட்டுப்போச்சு ஜெயசீலி. நான் வெட்டித் தூரப் போட்டுருதேன். அடியில வருது பாரு ஒரு கொளுந்து, அதைத் தொட்டுராத. இனி அதுதான் பூக்கும்."

கொழுந்து மளமளவென்று ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. ஜெயசீலி சாணத்தைக் கரைத்து ஊற்றினாள், மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள், இலை இலையாகப் பூச்சி பொறுக்கினாள். முள்தான் பெருகியது. ஒரு மொட்டுக்கூட வரவில்லை. "பொறு, பூக்கும்" என்றாள் மதினி.

இந்த வருஷக் கல்லறைத் திருநாள் வந்தது. சவரியப்பனுக்கு அவன் செடிப் பூவை வைக்க முடியவில்லையே என்கிற ஆற்றாமையோடு, செவ்வரளியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு ஜெயசீலி விடியற்காலையிலேயே போனாள். சாயங்காலம் டூட்டி இருந்தது. அங்கே ஞானதீபம் முந்தியே வந்து குனிந்து நின்றாள். கல்லறை மேல் கருஞ்சிவப்பு ரோஜாக்கள்.

"ஏது மதினி பூ?"

"சந்தையில வாங்குனேன்."

சந்தை ரோஜா காம்பு கிள்ளி, தலை மட்டும்தான் வரும். இவற்றில் இலையோடு காம்பு இருந்தது. ஒரு காம்பைக் கையில் எடுத்தாள். கொத்துக்கு ஐந்து இலை. வீட்டுச் செடியில் பூச்சி பொறுக்கிப் பொறுக்கி அவள் விரல்களுக்கே தெரியும், அதில் ஏழு. இரண்டு வருஷமாக அவள் வளர்த்தது ஒட்டுக்குக் கீழே கிளம்பிய வெறும் காட்டு ரோஜா. முகர்ந்து பார்த்தாள். அடுப்படி வரைக்கும் வந்த அதே மணம்.

"பட்டுப்போச்சுன்னு சொன்னீகளே."

ஞானதீபம் நிமிரவில்லை. "பட்டுப்போகல. எங்கொல்லையில நட்டேன். பிடிச்சுக்கிருச்சு. உனக்கு மணம் எட்டிரக் கூடாதுன்னு மொட்டுலயே கிள்ளிக்கிட்டிருந்தேன்."

"கேட்டா குடுத்திருக்க மாட்டேனா மதினி?"

"உங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? எந்தம்பி வச்ச செடி. நீ இன்னைக்கில்லாட்டி நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ. அவன் வாசல்ல எந்தம்பி பூ பூக்கணுமா?"

"எங்கம்மா காரியாபட்டிக்கு வான்னு எத்தன தடவ கூப்பிட்டாக. உங்கள விட்டுட்டுப் போனேனா?"

"இருபத்தஞ்சு வயசுக்காரி சொல்லிட்டா போவா? எப்பப் போவேன்னுதான் தினமும் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஜெயசீலி கையிலிருந்த காம்பைத் திரும்பக் கல்லறை மேல் வைத்தாள். செடி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். சோறு போட்டபோதும் எண்ணெய் தேய்த்தபோதும் அந்தக் கண் தன்னை வாசலுக்கு வெளியேதான் வைத்துப் பார்த்தது என்பதைத் தாங்க முடியவில்லை. அழுகையும் வரவில்லை. மெழுகுவர்த்திகளை ஞானதீபத்தின் கையில் வைத்தாள்.

"நீங்களே ஏத்துங்க மதினி. நான் எங்கம்மாட்ட போறேன்."

ஞானதீபம் தம்பியின் கல்லறையைப் பார்த்தாள்.

"பாத்தியாய்யா," என்றாள் அவனிடம், "நான் சொல்லல?"