கலர் வந்துருச்சு

கோடுகள் மறுபடியும் நிறம் மாறியிருந்தன. நேற்றுச் சாயங்காலம் பச்சையாக இருந்த கோடு இன்று காலையில் ரோஸாகத் தெரிந்தது. சகாயராஜ் அந்த ஃபைலில் கையே வைக்கவில்லை. மவுஸை லேசாக நகர்த்தினான். ரோஸ் மஞ்சளானது. "சனியனே" என்று மானிட்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

பழைய கம்ப்யூட்டர் போன வாரம் கரண்டு வந்து வந்து போனதில் புகைந்து செத்துப்போனது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. முதலாளி மகுடேஸ்வரன் கோயமுத்தூருக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தார். அதில் விண்டோஸ் விஸ்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்கக் கண்ணாடிக் கடை மாதிரி பளபளவென்று இருந்தது. பனியனுக்குக் கோடு போட்டுப் பார்க்கும் சாப்ட்வேரோ விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக் காலத்தது. அதை எழுதிக் கொடுத்த ஈரோட்டுக்காரர் கடையை மூடிவிட்டு எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சாப்ட்வேருக்கு இருநூற்றைம்பத்தாறு நிறம்தான் தெரியும். விஸ்டா கோடிக்கணக்கில் நிறம் காட்டுவது. அது சொல்வது இதற்குப் புரியவில்லை.

ஜெர்மனிக்காரன் மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த அதே கோடு பனியனை மறுபடி கேட்டிருந்தான். சாம்பிள் பீசை யாரோ போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். என்ன கலர் என்று அவனிடமே கேட்டிருக்கலாம். "நாம தெச்ச துணிக்கு நாமளே கலர் தெரியாதுன்னா காறித் துப்ப மாட்டானா?" என்றார் முதலாளி. ஆகவே அந்தக் கோடுகளின் நிறம் உலகத்தில் அந்த ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

"கண்டுபுடிச்சுக் குடுத்தீன்னா இந்தச் சீட்டு உனக்குத்தான் கண்ணு, பகல் வேலை. இல்லீன்னா திங்கக்கெழமை நிட்டிங்குக்கே போயிரு. நைட்டுக்கு ஆளில்லாம மிசின் நிக்குது" என்றும் சொல்லியிருந்தார் முதலாளி.

நிட்டிங் என்றாலே சகாயராஜுக்குக் கண் எரியும். துணி பின்னியபடி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் மிசினின் முன்னால் நின்றபடியே தூங்கி, நூல் அறுந்ததைப் பார்க்காமல், ஒரு ரோல் துணியைச் சல்லடையாக்கியவன் அவன். பகலில் பெருமாநல்லூர் லைன் வீட்டில் தகரத்தின் கீழே படுத்தால் வியர்வைதான் வரும், தூக்கம் வராது. அந்த வேலையை விட்டு ஓடி, டிடிபி படித்து, திரும்ப இதே கம்பெனிக்குள் இந்த ஏசி ரூம் வரை வந்திருந்தான். ஜன்னல் இல்லாத ரூம். அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது.

சாப்ட்வேரைத் திறந்தால் முதலில் வெறும் கறுப்புத்தான் தெரிந்தது. வலதுபக்கம் சொடுக்கி, உள்ளே போய், பழைய விண்டோஸ் தொண்ணூற்றைந்து என்று டிக் அடித்தான், பிறகு தொண்ணூற்றெட்டு என்று அடித்தான், நிறத்தைக் குறைத்தான், திரையைச் சின்னதாக்கினான். ஒவ்வொரு தடவையும் 'அனுமதிக்கவா?' என்று விஸ்டா கேட்டது. அவன் அப்பாவிடம்கூட இத்தனை முறை அனுமதி கேட்டதில்லை. நேற்றுச் சாயங்காலம் ஒருவழியாகக் கறுப்பு விலகிக் கோடுகள் தெரிந்தன. உடனே முதலாளிக்குப் போன் போட்டான்.

"மொதலாளி, கலர் வந்துருச்சு."

"வந்துருச்சா! செரி சாமி, நீ கெளம்பு."

இன்று வந்து பார்த்தால் வேறு நிறம்.

தைத்த பீசைச் சரிபார்க்கும் செக்கிங் டேபிளிலிருந்து எழுந்து வந்து ரோஸ்மேரி கதவு வழியே எட்டிப் பார்த்தாள். சாத்தான்குளம் பக்கம், அவன் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. "என்னடே, பொட்டிக்குப் பேய் புடிச்சிருக்கா? ஃபாதரக் கூட்டியாந்து தண்ணி தெளிக்கவா?"

"போக்கா, நீ வேற."

"ஒன் சட்டையில இருக்க கோடு நல்லாத்தான தெரியுது. அதையே ஜெர்மனிக்கு அனுப்பிரு."

அவள் போன பிறகுதான் அவன் குனிந்து தன் பனியனைப் பார்த்தான். இந்தக் கம்பெனியிலேயே கழித்துக் கட்டிய பீஸ். கருநீலம், வெள்ளை, கடுகு மஞ்சள். இந்த டிசைனும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும். தேடித் திறந்தான். திரையில் அது பச்சையும் ஊதாவும் ஆரஞ்சுமாக வந்தது. அப்படியென்றால் நேற்றுத் தெரிந்ததும் பொய்.

மத்தியானம் வரை முட்டி மோதினான். கடைசியில் எல்லாம் அப்படியே உறைந்து நின்றது. ஆத்திரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரர் என்றிருந்ததைப் பிடித்து நிறுத்தினான். கீழே இருந்த பட்டை மறைந்தது. ஸ்டார்ட் பட்டன், படங்கள், கண்ணாடிப் பளபளப்பு எல்லாம் போய்விட்டன. கறுப்புத் திரையின் நடுவே அந்தப் பழைய சாப்ட்வேர் மட்டும் நின்றது. அதில் கருநீலம், வெள்ளை, கடுகு மஞ்சள்.

பனியனை இழுத்துத் திரையோடு ஒட்டிப் பார்த்தான். அதே நிறம். ஜெர்மனிக்காரனின் டிசைனைத் திறந்தான். செங்கல் சிவப்பு, சந்தனம், சாம்பல். மவுஸை ஆட்டினான். மாறவில்லை. புது விண்டோஸின் அந்தப் பகட்டுத்தான் இத்தனை நாளும் இதன் நிறங்களைக் குழப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

கதவைத் தள்ளிக்கொண்டு மகுடேஸ்வரன் வந்தார். கையில் நிறங்களை நம்பரோடு வரிசையாக ஒட்டிய ஷேடு கார்டு. முகம் முழுக்கச் சிரிப்பு.

"கெட்டிக்காரண்டா நீ. நேத்து நீ போன் பண்ணுனதும் நானே வந்து பாத்தனப்பா. கார்டை வெச்சு நம்பர் எடுத்து, சாயப்பட்டறை ஆத்தப்பங்கிட்டச் சொல்லி ராத்திரியே நூலைச் சாயத்துல உட்டாச்சு. பச்சை, மஞ்சள், ஊதா."

சகாயராஜ் அவர் பக்கம் திரும்பினான். "நான் சொன்னது... கம்ப்யூட்டர்ல கலர் வந்துருச்சுன்னு மொதலாளி."

"அட, அதத்தான நானும் சொல்றேன்."

இந்த ஊரில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். சாயப்பட்டறைக்காரன் கலர் வந்துருச்சு என்றால் கேட்ட ஷேடு பிசகாமல் வந்துவிட்டது, இனி மொத்தத்தையும் இறக்கலாம் என்று பொருள். கறுப்பாக இருந்தது கலராகிவிட்டது என்பதைச் சொல்லத்தான் அவன் அந்த வார்த்தையை எடுத்தான். இத்தனை வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றுவிட்டு அதை எடுத்தான்.

மானிட்டர் இன்னும் அவன் பக்கமே திரும்பியிருந்தது. எக்ஸ்ப்ளோரரைத் திரும்ப ஓடவிட்டால் போதும், பட்டை வந்துவிடும், பளபளப்பு வந்துவிடும், கோடுகள் மறுபடி கலங்கிவிடும். சரக்குப் பெட்டி ஜெர்மனியில் இறங்கும்வரை ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பகல் சீட்டு இன்றைக்கே அவனுடையது. விரல் கீபோர்டின் மேல் இருந்தது. திங்கட்கிழமை ராத்திரி சுற்றப்போகும் மிசின் கண்ணுக்குள் சுற்றியது.

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினான்.

"ஏனப்பா, ஸ்டார்ட் பட்டன் எங்க? பொட்டியவே கெடுத்துப்போட்டயா?"

"அது கெடக்கு மொதலாளி. இதான் கலரு. நேத்துத் தெரிஞ்சது தப்பு." தன் பனியனைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தான். பாதியிலேயே அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். ஷேடு கார்டை விரித்து, செங்கல் சிவப்பைத் தேடி எடுத்து, திரையில் வைத்துப் பார்த்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். மிசின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர், சத்தத்தை எப்போதும் முழுசாக வைத்திருப்பார். ஆத்தப்பனின் குரல் ரூம் முழுக்கக் கேட்டது.

"அண்ணா, கலர் வந்துருச்சுங்க! பச்சை அப்பிடியே அச்சுக்கணக்கா வந்திருக்குது. நேர்ல வந்து பாத்தீங்கன்னா அசந்து போயிருவீங்க... அண்ணா? கேக்குதுங்களா?"

கரண்டு போனது. நிட்டிங் ஷெட்டில் மிசின்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. யுபிஎஸ் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. இருட்டில் திரையின் மூன்று கோடுகள் மட்டும் எரிந்தன. அந்தச் செங்கல் சிவப்பு மகுடேஸ்வரனின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுவரை ஏறியிருந்தது. ஆத்தப்பன் இன்னும் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.