மூடியின்மேல் உட்கார்ந்தவர்கள்

விடிவதற்குள்ளாகவே பண்ணையின் கோழி எச்சக் குவியலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. மண்வெட்டியைப் போட்டு இழுத்தால் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரியும். மூக்கைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று பெண்கள் சலித்துக்கொண்டிருந்தார்கள். எச்சத்தில் கிடக்கும் இறகை ஒன்று விடாமல் பொறுக்கி எடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதையே செய்தவளுக்கு இறகுக்காரி என்று பேர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம்.

சலித்த எச்சம் தண்ணீரோடு சேர்ந்து கலவைத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து பெரிய கலனுக்குள் போய்ப் புளித்து எரிவாயு ஆகும். வாயுவில் எஞ்சின் ஓடி மின்சாரம் வரும். மிச்சச் சக்கை உரமாக மூட்டையில் ஏறும். கழிவைப் பொன்னாக்கத் தெரிந்த மகராசன் என்று முதலாளியை எல்லோரும் மெச்சினார்கள். அந்த மகராசனுக்கு ஆறு பெண்கள் உட்கார்ந்து சலிப்பது கண்ணை உறுத்தியது. மூன்று பேரை நிறுத்திவிட்டார். மிஞ்சிய மூவரின் ஆறு கைகள் எவ்வளவுதான் பொறுக்கும்? தப்பிய இறகெல்லாம் தொட்டியின் அடிக்குழாயில் திரண்டு அடைத்துக்கொண்டது.

அடைப்பெடுக்க ஆள்தான் இறங்க வேண்டும். போன மாதம் இறங்கியவன் இறகுக்காரியின் புருஷன். உள்ளே மயங்கி விழுந்தவனைக் கயிற்றால் இழுத்துப் போட்டார்கள், உயிர் இருந்தது. இப்போது மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறான். குடித்துவிட்டு இறங்கியிருப்பான் என்று முதலாளி சொன்னது அவன் காதுக்கும் வந்தது. ஒரு சொட்டுக்கூடத் தொட்டறியாத மனுஷன் அவன்.

இன்று மறுபடியும் அடைப்பு. இந்த வாயு ஆலையைப் பார்க்கப் பத்து மணிக்கு வெளியாட்கள் வருகிறார்கள். அதற்குள் எஞ்சின் ஓடியாக வேண்டும். குழாய் வேலை பார்க்கும் இறகுக்காரியின் கொழுந்தனை இறங்கச் சொல்லி உத்தரவு வந்தது. அவன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கயிறு கட்டினான். தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தான்.

"மொதல்ல லேசா அடிச்சுது. இப்ப வாடையே இல்ல அண்ணி," என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகின முட்டை வாடை அடிக்கிறவரை தப்பிக்க வழியுண்டு. வாடை நின்றுபோனால் மூக்கு மரத்துவிட்டது என்று அர்த்தம். புருஷனும் இதையே சொல்லிவிட்டுத்தான் இறங்கினான். கொழுந்தனைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஒதுக்கிப் போட்டிருந்த நோஞ்சான் கோழி ஒன்றைக் கூடையில் வைத்து உள்ளே இறக்கினாள். பழைய ஆட்களின் வழக்கம் அது; முதலாளியின் அவசரத்தில் விட்டுப்போயிருந்தது. இருபது எண்ணிவிட்டுத் தூக்கினாள். கோழி விறைத்துக் கிடந்தது.

கொழுந்தன் கயிற்றை அவிழ்த்தான். இருவருமாக மூடியைப் போட்டு மூடினார்கள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"பண்ணையில கோழி சாவறது புதுசா? எறங்கச் சொல்லு அவன."

"அப்ப நீங்க எறங்குங்க மொதலாளி. கயிறு நாங்க பிடிக்கிறோம்."

அவர் முகம் சிவந்துவிட்டது. நாளையிலிருந்து உனக்கு இங்கே வேலை இல்லை என்றார்.

"நாளைப் பேச்சு நாளைக்கு. காத்து உள்ள அனுப்புற மெஷின் வரணும், வாயு இருக்கான்னு பாக்குற கருவி வரணும், நிறுத்தின மூணு பேரும் சல்லடைக்குத் திரும்பணும். அதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள போக மாட்டாங்க."

சொன்னவள் மூடியின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மற்ற இரண்டு பெண்களும் சல்லடையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கொழுந்தனும் உட்கார்ந்தான்.

முதலாளி சளைக்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு வண்டியில் நான்கு கூலி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். இரட்டைக் கூலி என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். இறகுக்காரி அவர்களை வழிமறிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"அண்ணே, போன மாசம் எறங்கினவரு எம் புருஷன். வீடு இந்தச் சுவருக்குப் பின்னாலதான். ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து எறங்குங்க."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் போனார்கள். திரும்பி வந்து மற்ற இருவரிடம் ஏதோ சொன்னார்கள். நேரமாகிறது என்று முதலாளி கத்தினார். அவர்களில் வயதில் மூத்தவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மூடியருகே வந்தான்.

"கொஞ்சம் நகந்து உக்காரும்மா," என்றான்.

வெளியாட்களின் கார் உள்ளே நுழைந்தபோது எஞ்சின் ஓடவில்லை. மூடியின்மேல் எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் எழுந்திருக்கவில்லை.