கிரீஸ் என்று சொன்னவர்

1

இந்தக் கதை என் கற்பனை இல்லை. தி.நகரில் ரவிக்கைத் துணி கிழித்துத் தரக் காத்திருந்த அரை மணி நேரத்தில் என் தோழி ரூஹி தன் மாமியாரைப் பற்றிச் சொன்னது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘உலோகக் கரிம வேதியியலில் முப்பத்தெட்டு ஆண்டுகள் உழைத்த பேராசிரியர் அஸ்மத்துன்னிசா, இன்று தனிமையில்...’

ரூஹி படித்துவிட்டு, “தனிமையா? எங்க மாமி வீட்ல தங்கினாத்தானே?” என்றாள். அடித்துவிட்டேன்.

2

அஸ்மத்துன்னிசா செய்த பொருள்கள் காற்று பட்டாலே கெட்டுப்போகும். அதனால் கண்ணாடிக் குடுவைகளின் மூட்டுகளில் கிரீஸ் தடவி, உள்ளே நைட்ரஜனை நிரப்பித்தான் வேலை செய்வார்கள். எழுதிய கட்டுரைகள் நூற்றுப் பன்னிரண்டு. அதில் அவர் உயிராக நினைத்த கட்டுரையை மேற்கோள் காட்டியது பதினோரு தடவை. (நாலு தடவை காட்டியது அவரேதான்.) இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றைக் காட்டியதோ 2,314 தடவை.

அது தப்பை ஒப்புக்கொண்ட குறிப்பு. புதுப் பொருள் கிடைத்துவிட்டதாக அவர் குதித்துக்கொண்டிருந்தபோது, குழாயில் என்னென்ன இருக்கிறதென்று மேடு மேடாக வரைந்து காட்டும் என்.எம்.ஆர். கருவியை இயக்கும் நல்லசிவம் வரைபடத்தில் ஒரு மேட்டைத் தொட்டுக் காட்டினார்.

“மேடம், இது எல்லார் குழாயிலயும் வந்துகினுதான் கீது. உங்க சரக்கு இல்ல, கிரீஸு.”

“நீங்க மெஷினை மட்டும் பாருங்க, நல்லசிவம்.”

அந்தப் புதுப் பொருளைப் பற்றிய கட்டுரை வெளிவந்த மூன்றாம் மாதம், சந்தேகம் அரித்து, கிரீஸ் இல்லாமல் செய்து பார்த்தார். மேடு இல்லை. கண்டுபிடிப்பும் இல்லை. மற்றவர்களும் ஏமாறக் கூடாதென்று, எந்தக் கரைப்பானில் கிரீஸ் எங்கே தலைகாட்டும் என்று அட்டவணை போட்டு எழுதினார். உலகமே அதை எடுத்துக்கொண்டது. கடைசி வரியில் ‘என்.எம்.ஆர். பிரிவுக்கு நன்றி’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

3

இப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. குறிப்பின் மேற்கோள் எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கும், சுருக்கென்றும் இருக்கும். நல்லசிவத்தின் பெயரை இப்போதாவது சேர்க்க முடியுமா என்று போன மாதம் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார். அவர் சம்மதித்துக் கையெழுத்திட்டால் குறிப்பை எழுதியவர்களில் ஒருவராகவே சேர்க்கலாம் என்று பதில் வந்தது. படிவத்தையும் குறிப்பின் நகலையும் எடுத்துக்கொண்டு அடையாறிலிருந்து சைதாப்பேட்டையில் நல்லசிவம் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தார். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வழியெல்லாம் இருந்தது.

“அன்னைக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் பேரு நாலு பேருக்குத் தெரியுதுன்னா, அது உங்களாலதான்” என்றார்.

(இந்த இடத்தில் நல்லசிவத்தை அழவைத்திருந்தேன். ரூஹி சிரித்தாள். அவர் அழவில்லையாம். மூக்குக் கண்ணாடியைத் தேடினாராம்.)

இரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தார். பிறகு விரல் அட்டவணையில் நின்றது.

“இன்னா மேடம், மூணாவது வரில மைனஸ் வுட்டுப்போச்சே. இந்தக் கரைப்பான்ல மேடு பூஜ்யத்துக்கு அந்தாண்ட இல்ல வரும்? நான்தானே ஓட்னேன்.”

அஸ்மத்துன்னிசாவின் துறையில் அதிகம் தொடாத கரைப்பான் அது. அதனால் இத்தனை ஆண்டுகளில், இத்தனை பேரில், ஒருவரும் பார்க்கவில்லை.

“மொதல்ல அத்த சரி பண்ணுங்க. அப்பால கையெழுத்து. தப்பு கீற காயிதத்துல என் பேரு வேணாம்.”

அஸ்மத்துன்னிசா இந்த முறை மறுபேச்சுப் பேசவில்லை. பேனாவை எடுத்து, அவர் விரல் இருந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டார். “நல்லவேளை, உங்ககிட்ட வந்தேன்” என்றார். மனசு நிறைந்துபோயிருந்தது.

4

முடிவு ஒன்று: பத்திரிகை அட்டவணையையும் திருத்தி, பெயரையும் சேர்க்கிறது. முடிவு இரண்டு: அட்டவணையைத் திருத்திவிட்டு, பெயருக்கு இன்னொரு படிவம்... வேண்டாம். திருத்தம் போயிருக்கிறது, பதில் வரவில்லை. படிவத்தில் நல்லசிவத்தின் கையெழுத்துக் கட்டம் இன்னும் காலி. அதை நான் நிரப்பினால் அவருக்கே பிடிக்காது.

இந்தக் கதையிலும் எங்கேயோ ஒரு மைனஸ் விட்டுப்போயிருக்கும். கண்ணில் பட்டால் சொல்லுங்கள். படிக்கிற வேலையை மட்டும் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன். இடம் விட்டிருக்கிறேன்.

எழுதியவர்கள்: ரூஹி, நான், ____________