லண்டன் வேகம்

மாமனும் மச்சானும் பேச்சை விடுவதற்கு உலகத்தில் காரணத்துக்கா பஞ்சம்? வேலி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, பத்திரிகையில் பேர் விட்டுப்போனது இருக்கிறது. நடனசபாபதியும் கதிர்வேலும் பேச்சை விட்டது, அவர்களுடைய அப்பாக்கள் பிறப்பதற்கு முன்னால் அமெரிக்காவில் வந்த ஒரு சினிமாவின் பின்னணி இசைக்காக. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தமிழினி யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒருவன் அண்ணன், இன்னொருவன் புருஷன். பாலிடெக்னிக் விடுதியில் ஒரே அறையில் இருந்தபோது இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம் அது. மற்றவர்கள் கிரிக்கெட் பார்த்தார்கள். இவர்கள் ஹாலிவுட்டின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். புதுச்சேரியில் பழைய ரெக்கார்டு விற்கும் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள். அந்தச் சிநேகத்தில்தான் தமிழினியைக் கதிர்வேலுக்குக் கட்டிக்கொடுத்ததே.

அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்தவர். அவரே முன்னால் நின்று நடத்திய அசல் பதிவு ஒன்று உண்டு. கரகரவென்று இருக்கும், விறுவிறுவென்று ஓடும். பல வருஷம் கழித்து லண்டனில் வேறொரு குழு அதே இசையைப் புதிதாக வாசித்துப் பதிந்தது. அது துலக்கமாக, நிதானமாகப் போகும். அண்ணனுக்கு அசல்தான் உயிர். கதிர்வேலுக்கு லண்டன். போன பொங்கலன்று சாப்பிட்டுக்கொண்டே, "மச்சான், நீ கேக்கறது மியூசிக்கே இல்ல, கீறலு," என்றான் கதிர்வேல். "உனக்குக் காதே கெடையாதுடா," என்று சொல்லிப் பாதி இலையில் எழுந்தவன்தான் அண்ணன். அதோடு சரி.

இப்போது மகள் இசைவாணிக்குக் காதுகுத்து. கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் குலதெய்வம் கோயில். தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஆசாரி ஊசியை எடுப்பார்? ஊர் பேசுவது கூடக் கிடக்கட்டும். அப்பா அம்மா போன பிறகு தமிழினிக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு மனுஷன்தான். அவனும் இல்லையென்றால் அவளுக்குத் தீபாவளி ஏது, பொங்கல் ஏது?

வெற்றிலை பாக்குத் தட்டோடு கடலூரில் பஸ் ஏறினாள். சிதம்பரத்தில் அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. உள்ளே அந்த அசல் பதிவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் வூட்டுக்காரன் வந்து, லண்டன் ரெக்கார்டு மட்டம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். வரேன்," என்றான், தட்டைத் தொடாமல்.

தமிழினிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "ரெண்டு பேரும் நல்லாதான் இருக்கீங்க! இத்தினி வருசமா ரெண்டு ரெக்கார்டையும் உங்கள விட ஜாஸ்தி கேட்டவ நான். பாத்தரம் வெளக்கிக்கிட்டே கேக்கறன், புள்ளயத் தூங்க வெச்சிக்கிட்டே கேக்கறன். எனக்கு எது புடிக்கும்னு ஒரு நாளாச்சும் ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

கண்ணாடி துடைத்த கை நின்றது. "சரி, எது புடிக்கும்?"

"இந்த அசல்ல, வாசிக்கறவங்களுக்கு எதுத்தாப்புல படம் ஓடுது. படத்துல வர்ற பொம்பள கதவத் தொறக்கறதுக்குள்ள வயலின் முடியணும். அதான் அப்டி ஓடறாங்க. லண்டன்ல படமே இல்ல. யாருக்கும் அவசரம் இல்லாம, அவளையே நெனச்சிக்கிட்டு வாசிக்கறாங்க. ஒண்ணு கல்யாணம்ண்ணே. இன்னொண்ணு, கல்யாண வீடியோவப் பத்து வருசம் கழிச்சிப் போட்டுப் பாக்கறது. கல்யாணத்தன்னிக்கு அழுவ எங்க நேரம் இருந்திச்சி எனக்கு? வீடியோல அப்பாவப் பாத்துதான் அழுதன். அதுக்காக எது நெசம்னு சண்டையா போடுவாங்க?"

அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தட்டை மட்டும் வாங்கி மேஜை மேல் வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டை அடித்தாயிற்று, சந்தனம் பூசியாயிற்று. "மாமன்காரரு எங்கம்மா?" என்று நாத்தனார் கேட்கிறாள். அவள் கேட்பதில் இருந்த ருசியைச் சொல்லி முடியாது. கதிர்வேல் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அப்போதுதான் சீர்த்தட்டுகளோடு ஆட்டோவிலிருந்து இறங்கினான் அண்ணன். தமிழினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யாரையும் பார்க்காமல் நேராகப் பாயில் போய் உட்கார்ந்தான். பிள்ளை மாமனை மறந்தே போயிருந்தது. மடியில் வைத்ததும் வீரிட்டது பாருங்கள், கோயில் புறா அத்தனையும் பறந்துவிட்டது. வாழைப்பழம் காட்டினார்கள், பொம்மை காட்டினார்கள். தலையை ஆட்டிய ஆட்டில் ஆசாரி பயந்து கையை எடுத்துவிட்டார்.

என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணன் அதன் மொட்டைத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த இசையையே முனக ஆரம்பித்தான். முதலில் வழக்கம்போல விறுவிறுவென்றுதான். பிள்ளை இன்னும் கத்தியது. கொஞ்சம் மெதுவாக்கினான். இன்னும் மெதுவாக்கினான். பிள்ளைக்கு விக்கல் மட்டும் மிச்சம். வீட்டில் தினமும் இப்படிக் கேட்டுத்தானே அது தூங்குகிறது! ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார்.

கதிர்வேல் பாயருகே வந்து நின்றான். "மச்சான்... இது லண்டன் ஸ்பீடு."

"போடா," என்றான் அண்ணன், நிமிராமலே. கண் கலங்கியிருந்தது. "மடியில புள்ள கெடக்குது. இங்க என்னா படமா ஓடுது, அவசரப்பட?"

முனகல் நின்றதும் பிள்ளை மறுபடி உதட்டைப் பிதுக்கியது.

"சார், பாட்ட நிறுத்திப்புடாதீங்க," என்றார் ஆசாரி. "இன்னொரு காது கெடக்குது."

கதிர்வேல் சம்மணம் போட்டுப் பாயில் உட்கார்ந்தான். முனகலில் வயலினை அண்ணன் எடுத்துக்கொள்ள, அடியில் கனத்த குரலில் வரும் செல்லோவை இவன் எடுத்துக்கொண்டான். நாத்தனார் வாயைப் பிளந்தபடி தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.