பம்ப்புக்கு ஒரு நாள் ஓய்வு

சாம்பசிவனுக்கு இலாகாவில் ஆய்வக உதவியாளர் பதவி. அதாவது வேலை அவருடையது, பெயர் டைரக்டருடையது. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றி மூன்று வருஷம் ஆகியும் ரப்பர் முத்திரையில் மைசூர் ராஜ்யத்தையே வைத்திருந்த இலாகா அது.

மைசூருக்கு வெளியே வயல்வெளி முடிகிற இடத்தில் சிக்ககெரே என்றொரு ஏரி. அதன் கரையில் சாம்பசிவன் மூன்று தொட்டிகள் கட்டியிருந்தார். நெல்லுக்கு அடிக்கிற எண்ட்ரின் மருந்து கலந்த வடிகால் தண்ணீர் முதல் தொட்டியில் வந்து தேங்கும். அதைப் பம்ப் மேலே ஏற்றி, சிரட்டைக்கரி நிரப்பிய இரண்டாவது தொட்டிக்குள் விடும். கரி விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்றாவது தொட்டியில் பத்துக் கெண்டைக் குஞ்சுகள். அவை துள்ளிக்கொண்டிருந்தால் தண்ணீர் ஏரிக்குப் போகலாம். அவ்வளவுதான் விஞ்ஞானம். பம்ப் நின்றால் மட்டும் முதல் தொட்டி நிரம்பி, பக்கத்து வாய்க்கால் வழியாக நேரே ஏரியில் போய் விழும்.

டைரக்டர் டாக்டர் வைத்யநாதன் இதற்குப் பதினோரு வார்த்தையில் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தார். அவர் ஹாலந்துக்கு ஆறு வாரம் போய் வந்தவர். வந்த நாளிலிருந்து எந்தப் பேச்சையும் "அங்கேயெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பார். அங்கே வாய்க்காலில் படகு விடுகிறார்கள் என்பதற்கு மேல் இலாகா எதையும் அவரிடமிருந்து தெரிந்துகொண்டதில்லை.

உண்மையில் திட்டத்தை ஆரம்பித்தவள் செல்லக்கண்ணு. கால்வாய் வெட்டுவதற்காகச் சேலம் பக்கத்திலிருந்து புருஷன் பழனியோடு வந்தவள். கால்வாய் முடிந்ததும் பழனி கல்குவாரிக்குப் போனான். நாலு வருஷத்தில் கல் தூசி நெஞ்சில் ஏறி, இருமினால் ரத்தம் வந்தது. அப்புறம்தான் இருவரும் சிக்ககெரேயில் மீன் குஞ்சு விட்டு வளர்த்துப் பிழைக்க ஆரம்பித்தார்கள். போன வருஷம் மருந்துத் தண்ணீரில் அத்தனை மீனும் செத்தது. செல்லக்கண்ணு ஒரு கூடையை அப்படியே கொண்டுவந்து டைரக்டரின் மேஜை மேல் கவிழ்த்தாள். அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். போய்ச் சேர்ந்த சுவரோரத்திலேயே திட்டம் உருவாகிவிட்டது.

இந்த வருஷம் குஞ்சு விடவே மாட்டேன் என்றாள் அவள். சாம்பசிவன்தான் ஏரிக்கரைக்கு நடையாய் நடந்து, தண்ணீருக்குத் தான் ஜவாப்தாரி என்று வாக்குக் கொடுத்தார்.

"ஒங்க வார்த்தைய நம்பித்தான் சாமி விடறேன்," என்றாள். "இதும் போச்சுன்னா எங்கூட்டுக்காரரு மறுக்கா குவாரிக்குத்தான் போகோணும். போனா முழுசாத் திரும்பி வரமாட்டாரு."

ஆடியில் விட்ட குஞ்சு புரட்டாசியில் ஒரு சாண் நீளம் வளர்ந்தது. மூன்று மாதமாகப் பம்ப் நிற்கவில்லை. பத்துக் கெண்டைகளும் சாகவில்லை. சாம்பசிவன் சாயங்காலம் சைக்கிளில் வந்து அவற்றை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அப்போது தசரா வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டைரக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பொழுது விடிந்ததும் பம்ப்பை நிறுத்திப் பூஜை போட வேண்டும், மறுநாள்தான் ஓட்ட வேண்டும், போட்டோகிராபர் வருகிறார் என்றார். மருந்தடிக்கிற காலத்தில் நிறுத்தக்கூடாதே என்று சாம்பசிவன் இழுத்தார்.

"என்ன ஓய், ஆபீஸ் டைப்ரைட்டருக்கே நாளைக்கு லீவு," என்றார் டைரக்டர். "பம்ப் மட்டும் நாஸ்திகனா?"

இதற்கு மேலும் சாம்பசிவன் வாதாடியிருக்கலாம். ஆனால் அவருக்கே உள்ளூர உடன்பாடு. அவர் மனைவி அன்னபூர்ணி அன்றைக்கு அரிவாள்மணையைக்கூடக் குங்குமம் வைத்து உட்கார்த்திவிடுவாள். நறுக்காத காய்கறியைத்தான் சமைப்பாள். பிறந்ததிலிருந்து அன்றைய தினம் ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தொட்டவரில்லை அவர். அதோடு ஒரு யோசனையும் வந்தது. விவசாயிகளும் பூஜை செய்கிறவர்கள்தானே? மருந்தடிக்கிற மெஷின்களும் நாளைக்குப் பூவும் பொட்டுமாக உட்கார்ந்திருக்கும். வயலில் ஒரு சொட்டு மருந்து விழாது. பிறகு வடிகாலில் எது வரும்? இந்தத் தர்க்கம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பம்ப் ஆபரேட்டர் கரியப்பனிடம் காலையில் சுவிட்சை அணைத்துவிடும்படி அவரே சொன்னார்.

பூஜை சிறப்பாக நடந்தது. கரியப்பன் மோட்டாருக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தான். டைரக்டர் பம்ப்பைப் பார்த்துக் கைகூப்பி நிற்க, போட்டோ எடுத்தார்கள். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டார் என்பதால் இன்னொரு தடவை பக்தியோடு நின்றார்.

விஜயதசமி காலையில் கரியப்பன் சைக்கிளை அழுத்திக்கொண்டு சாம்பசிவன் வீட்டு வாசலுக்கு வந்தான்.

ஏரி வெள்ளையாக இருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. சாகாதவை வாயைத் திறந்து திறந்து மூடி வட்டமடித்தன. மூன்றாவது தொட்டியில் பத்துக் கெண்டைகளும் சௌக்கியமாக இருந்தன. முந்தின நாள் முழுக்க அந்தத் தொட்டிக்குத் தண்ணீரே போகவில்லையே.

சாம்பசிவன் வடிகாலோரமாகவே நடந்து முதல் ஊருக்குப் போனார். தண்ணீரில் பால் மாதிரி நுரை. வாய்க்கால் படிகளில் வைக்கோல் பிரிகளும் புளிச்சக்கையும் கிடந்தன. மாரிசாமி என்ற விவசாயியின் வாசலில் மருந்தடிக்கிற மெஷின் பித்தளைத் தவலைபோல மின்னிக்கொண்டிருந்தது. குங்குமம், செவ்வந்திப் பூ, எலுமிச்சம்பழம்.

"அழுக்கோட பூஜெக்கு வெக்கலாங்களா?" என்றார் மாரிசாமி பெருமையாக. மெஷினை மட்டுமல்ல, மருந்து டப்பாக்களையும் அடிமண்டி போகக் கழுவிக் கவிழ்த்தாயிற்றாம். அவர் மட்டுமல்ல, மேலே உள்ள நாலு ஊரும். நேற்று விடியற்காலையில் வாய்க்காலில் நிற்க இடமில்லையாம்.

சாம்பசிவன் திரும்பி வந்தபோது டைரக்டரின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவர் ஏரியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டமாக இருக்கிறதல்லவா, ஆக்ஸிஜன் குறைவு, அங்கேயெல்லாம் இது சகஜம் என்றார். பம்ப் ஓடியதாகக் கரியப்பனிடம் நோட்டில் எழுதச் சொல்லியாயிற்று. சாம்பசிவன் ரிப்போர்ட் எழுதினால் போதும்.

அதற்குள் சுற்றுப்பட்டு ஜனம் கூடைகளோடு இறங்கிவிட்டது. நாளும் கிழமையுமாக இனாமாக மீன் கிடைத்தால் விடுவார்களா?

"அவா எடுத்துண்டு போறாளே..." என்று ஆரம்பித்தார் சாம்பசிவன்.

"போகட்டும்," என்றார் டைரக்டர் தணிந்த குரலில். "விஷம்னு சொன்னா வடிகட்டி என்னாச்சுன்னு கேப்பா. நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரது."

செல்லக்கண்ணு இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து கரையேறி வந்தாள். கையில் ஒரு கட்லா மீன். டைரக்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"பம்ப்பு ஓடுச்சுங்களா சாமி?"

டைரக்டர் தொண்டையைச் செருமினார். சாம்பசிவனுக்கு ஓய்வுபெற இன்னும் ஏழு வருஷம் இருந்தது. ஏழு வருஷமும் அந்த ஒரு செருமலில் இருந்தது.

"ஓடலை," என்றார். "நான்தான் நிறுத்தச் சொன்னேன். இது மருந்துல செத்த மீன். யாரும் திங்கப்படாது."

அவள் மீனைக் கீழே போட்டுவிட்டு ஜனங்களிடம் போனாள். ஒவ்வொரு கூடையாகப் பிடுங்கிக் கவிழ்த்தாள். பேராசைக்காரி, செத்த மீனையும் தனக்கே வைத்துக்கொள்கிறாள் என்று மாதம்மா என்பவள் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். சாம்பசிவன் நடுவில் புகுந்து விஷம், விஷம் என்று தொண்டை கட்டக் கத்தினார். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே கூடையை வைத்தார்கள். ஜீப் புறப்பட்டுப் போனதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு கூடை மட்டும் முன்னமே சைக்கிளில் ஏறி மைசூருக்கு விற்கப் போயிருந்தது. ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலம் பார்க்க லட்சம் பேர் கூடுகிற நாளில், மைசூரின் எந்தத் தெருமுனையில் போய்த் தேடுவது? கரியப்பன் தேடப் போயிருந்தான்.

செத்த மீனைப் புதைக்கப் பழனி கரைமேட்டில் குழி வெட்ட ஆரம்பித்தான். நாலு போடு போட்டதும் இருமல் பிடித்து உட்கார்ந்துவிட்டான். சாம்பசிவன் சட்டையைக் கழற்றிக் கரைமேல் வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். அது மண்ணில் இறங்காமல் பக்கவாட்டில் சறுக்கியது. திங்கட்கிழமை குவாரியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று செல்லக்கண்ணு புருஷனிடம் சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பழனி எழுந்து வந்தான்.

"இப்பிடிப் புடிச்சா கை கொப்புளிச்சுருமுங்க," என்று சொல்லி, கடப்பாரையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டான்.